சேமித்து வைத்த லாகின் யார் கையில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சமூக வலைத்தளக் கணக்குகளுக்குள் தானாகவே நுழைந்து பதிவிடும் நிரலை எழுதுவது எப்படி என்று வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒருமுறை கையால் லாகின் செய்து, அந்த அமர்வை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டால், அதன்பிறகு கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமல் நிரலே உள்ளே போய் வேலையை முடித்துவிடும் என்று அதில் படிப்படியாக விளக்கியிருந்தார்கள். விளக்கத்தில் பிழை எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் 16 ஆண்டுகளாக மென்பொருள் சோதனையாளராகப் பணியாற்றும் நான் நாள்தோறும் செய்கிற வேலையும் அதுவே. ஆனால் அந்தக் கோப்பு எத்தகையது, அதை எங்கே வைக்க வேண்டும், யாரிடம் கொடுக்கக் கூடாது, வேலை முடிந்த பிறகு அதை எப்படிச் செல்லாததாக்க வேண்டும் என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் என் குடும்பத்துப் பெண் ஒருத்தி பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் அமர்வு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். உலாவிக்கும் இணையதளத்துக்கும் இடையே நடக்கும் பேச்சுக்கு இயல்பாகவே ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிவிட்டு அடுத்த பக்கத்தைக் கேட்டால், தளத்துக்கு நாம் மறுபடியும் முன்பின் தெரியாதவர்தான். இந்தக் குறையைப் போக்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டுலி செய்த ஏற்பாடுதான் குக்கி. இணையக் கடையில் பொருள்களை எடுத்துக் கூடையில் போட்டவர் யார் என்று கடைக்கு நினைவிருக்க வேண்டுமே என்பதற்காகப் பிறந்த சிறிய ஏற்பாடு அது. தளம் ஒரு குறிப்பை உலாவியிடம் கொடுத்து வைக்கும். அடுத்தமுறை போகும்போது உலாவி அதைத் திரும்பக் காட்டும். இன்று நாம் லாகின் செய்யும்போது நடப்பதும் இதன் நீட்சியே. கடவுச்சொல்லைச் சரிபார்த்து, ஓடிபியையும் சரிபார்த்த பிறகு, தளம் யாராலும் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எழுத்துச் சரத்தை நம் உலாவிக்குத் தருகிறது. அதன்பின் பல வாரங்களுக்கோ மாதங்களுக்கோ கடவுச்சொல்லை யாரும் கேட்பதில்லை. அந்தச் சரத்தைக் காட்டினாலே போதும்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கனைப் போன்றது இது. டோக்கனைக் கொண்டுவருபவர் உண்மையில் அந்தச் செருப்புக்கு உரியவரா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. எண்ணைப் பார்ப்பார்கள், எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் செருப்பு டோக்கன் தொலைந்தால் நம் கை வெறுமையாகும்; உடனே தெரிந்துவிடும். அமர்வு டோக்கனையோ நம்மிடமிருந்து எடுக்காமலேயே படி எடுத்துக்கொள்ளலாம். நம்முடையது நம்மிடமே இருக்கும், கணக்கும் வழக்கம்போல் திறக்கும், இன்னொருவர் அதே கணக்குக்குள் உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரியவே தெரியாது.

என் சித்தி மகள் சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிறாள். தறிச் சத்தத்துக்குப் பேர்போன அந்த ஊரில், சில ஆண்டுகளாகப் பல குடும்பங்களின் வியாபாரம் கைப்பேசித் திரையில்தான் நடக்கிறது. நாள்தோறும் 30, 40 சேலைகளை விரித்துப் படமெடுத்து, விலையும் நிறமும் எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று தளங்களில் பதிவிட வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரம் அதற்கே போய்விடும். பக்கத்துத் தெருவில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன், "நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தர்றேன் அக்கா" என்று வந்தான். அவனுடைய மடிக்கணினியில் இவள் கணக்கைத் திறந்தார்கள். வந்த ஓடிபியை இவளே தட்டச்சு செய்தாள். அமர்வு கோப்பில் சேமிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒரு கோப்புறையில் படங்களைப் போட்டுவிட்டால் போதும், மாலை 6 மணிக்குப் பதிவுகள் தானாகப் போய்விடும். எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. அந்த எட்டு மாதமும் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க அவளுக்கு நேரம் கிடைத்தது. தானியங்கி நிரல் என்றாலே ஆபத்து என்று சொல்பவர்கள் இந்த இரண்டு மணி நேரத்தின் மதிப்பை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், பக்கத்தின் பெயர் மாறியிருந்தது. சேலைப் படங்களுக்கு நடுவே கிரிப்டோ முதலீட்டு விளம்பரங்கள். விளம்பரக் கட்டணத்துக்காக அவள் பதிந்து வைத்திருந்த அட்டையிலிருந்து 23,000 ரூபாய் போயிருந்தது. என்னைக் கைப்பேசியில் அழைத்தவள் முதலில் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "அக்கா, ஓடிபியே வரலையே, அப்புறம் எப்படி உள்ள போனாங்க?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வங்கிகளும் காவல்துறையும் தங்களைப் போன்ற நாளிதழ்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதைத்தான். அவள் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவள். ஆகவே அவளுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. வீட்டில் கணவரோ, நீதான் யாரிடமோ சொல்லிவிட்டு மறைக்கிறாய் என்றார். புகார் கொடுக்கப் போன இடத்திலும் முதல் கேள்வி, ஓடிபி சொன்னீர்களா என்பதுதான். இல்லை என்று அவள் எத்தனை முறை சொல்லியும், நம்பாத முகத்தோடுதான் எழுதிக்கொண்டார்கள். 23,000 ரூபாய் போனதைவிடத் தன் சொல்லை யாரும் நம்பாததுதான் அவளை அழவைத்தது. உண்மை என்னவென்றால், உள்ளே போனவனுக்கு ஓடிபி தேவைப்படவே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்பே அவள் கையாலேயே தட்டச்சு செய்த ஓடிபியின் பலன் அந்தக் கோப்புக்குள் இருந்தது. கதவைத் திறந்து, ஆளைச் சரிபார்த்து, உள்ளே அனுப்பிய பிறகு தருகிற டோக்கனைத்தான் அவன் எடுத்துப் போயிருந்தான்.

அவள் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். பதறிப்போய் உடனே கடவுச்சொல்லை மாற்றினாள். மாற்றியதும், மற்ற கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறவா என்று தளம் கேட்டது. வெளியேறினால் மாலைப் பதிவுகள் நின்றுவிடுமே என்று எண்ணி, வேண்டாம் என்று அழுத்திவிட்டாள். புதிய கடவுச்சொல் வாசலில் புதுப் பூட்டாகத் தொங்கியது. அவனோ வீட்டுக்குள்ளேயே இருந்தான். அடுத்த இரண்டு நாளில் மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் மாற்றப்பட்டு, 6 ஆண்டுகளாக வளர்த்த பக்கம் முழுவதுமாகக் கைவிட்டுப் போயிற்று.

கோப்பு எப்படி வெளியே போனது என்பதை நான் இளம்பிள்ளைக்குப் போய் அந்தத் தம்பியின் மடிக்கணினியைப் பார்த்த பிறகுதான் ஊகிக்க முடிந்தது. படங்களைத் திருத்துவதற்காகக் காசு கொடுக்காமல் இறக்கிய ஒரு மென்பொருளின் 'கிராக்', அதாவது பூட்டுடைத்த திருட்டுப் பதிப்பு, அதில் இருந்தது. அதனோடு கூடவே தகவல் திருடும் நிரல் ஒன்றும் வந்து இறங்கியிருந்தது. இத்தகைய நிரல்கள் கணினியில் நெடுநாள் தங்குவதுகூட இல்லை. உலாவியில் சேமித்திருக்கும் குக்கிகளையும் கடவுச்சொற்களையும் இத்தகைய கோப்புகளையும் சில நிமிடங்களில் வாரிக்கொண்டு போய்விடும். லும்மா என்ற பெயரில் விற்கப்பட்ட அப்படியொரு நிரலை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பல நாட்டுக் காவல் அமைப்புகளும் சேர்ந்து முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகள் அதனால் பாதிக்கப்பட்டிருந்ததாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது.

அந்தத் தம்பி கண்கலங்கி நின்றான். "விஷயம் தெரிஞ்ச உடனே அந்த ஃபைலை அழிச்சுட்டேன் அக்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் கோப்பை அழிப்பதால் அமர்வு முடிவதில்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அமர்வு உயிரோடிருப்பது தளத்தின் சர்வரில். நம்மிடம் இருப்பது அதைக் குறிக்கும் சரம் மட்டுமே. உலாவியை மூடினாலும், கோப்பை அழித்தாலும், மடிக்கணினியையே உடைத்துப் போட்டாலும், வேறொருவரிடம் உள்ள படி செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். கணக்குக்குள் சென்று வெளியேறு என்று முறையாகச் சொன்னால்தான், அல்லது எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்ற வசதியைப் பயன்படுத்தினால்தான், சர்வர் அந்தச் சரத்தை இனிச் செல்லாது என்று குறித்துக்கொள்ளும். இந்த ஒன்றைத்தான் தங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

அமர்வைச் சேமிக்க உதவும் தானியங்கிக் கருவிகளை உருவாக்கியவர்கள் இந்த ஆபத்தை மறைத்துவிடவில்லை என்பதையும் நான் பதிவுசெய்ய வேண்டும். உலாவியைத் தானே இயக்கும் செலினியம் 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவரால் சோதனை வேலைக்காக எழுதப்பட்டது. கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்ட பிளேரைட்டும் அதே வகைக் கருவிதான்; 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. எங்களைப் போன்ற சோதனையாளர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் லாகின் செய்துகொண்டிருந்தால் பொழுது அதிலேயே கழிந்துவிடும் என்பதால்தான், ஒருமுறை நுழைந்த அமர்வைக் கோப்பில் எழுதி மறுபடி மறுபடி பயன்படுத்தும் வசதி அதில் வைக்கப்பட்டது. நாங்கள் அதில் பயன்படுத்துவது சோதனைக்கென்றே உருவாக்கிய போலிக் கணக்குகளை. அவை திருடு போனாலும் யாருக்கும் நட்டமில்லை. அந்த வசதியை விளக்கும் பிளேரைட்டின் ஆவணத்திலேயே, இந்தக் கோப்பைக் கொண்டு ஒருவர் உங்களைப் போல் நடிக்க முடியும், ஆகவே இதை நிரல்களைச் சேமித்துவைக்கும் பொதுக் களஞ்சியத்தில் மட்டுமன்றித் தனிப்பட்ட களஞ்சியத்திலும் போடாதீர்கள் என்று எச்சரிக்கை எழுதியிருக்கிறது. ஆவணத்திலிருந்து நிரல் வரிகளை எடுத்துத் தமிழில் விளக்கும் காணொளிகளிலும் பதிவுகளிலும் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வருவதில்லை. சோதனைக் கூடத்துக்கென்று செய்த கருவி, ஒரு குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் அடங்கிய கணக்கின்மேல் ஓடும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது.

இந்தத் திருட்டு இளம்பிள்ளையில் மட்டும் நடந்த அதிசயம் அன்று. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற நீட்சியை, அதாவது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை, வெளியிட்டார். காபிக் கடைகளில் உள்ள திறந்த வைஃபையில் உங்களோடு இணைந்திருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் அமர்வுகள் அதில் பட்டியலாக வரும்; பெயரின்மேல் அழுத்தினால் அவராகவே உள்ளே போய்விடலாம். கடவுச்சொல்லை மட்டும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பிவிட்டு, அதன்பின் குக்கியைத் திறந்த அஞ்சலட்டை போல அனுப்பிக்கொண்டிருந்த தளங்களின் அலட்சியத்தை எல்லோருக்கும் காட்டவே அவர் அதைச் செய்தார். அதன்பிறகே ஃபேஸ்புக் 2011 தொடக்கத்தில் முழுமையான மறையாக்கத்தை விருப்பத் தேர்வாகத் தந்து, 2013-இல் அதை எல்லோருக்கும் இயல்பாக்கியது. வழியில் திருடுவது கடினமான பின், திருட்டு நம் கணினிக்கே இடம் பெயர்ந்தது.

தளத்தின் பக்கமும் ஓட்டை விழலாம் என்பதை 2018 செப்டம்பர் காட்டியது. நம் பக்கம் பிறருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க உதவிய ஃபேஸ்புக் வசதி ஒன்றில் இருந்த பிழைகளைக் கொண்டு, மக்களை உள்நுழைந்த நிலையிலேயே வைத்திருக்கும் டோக்கன்களைக் கூட்டமாகத் திருடினார்கள். 5 கோடிக் கணக்குகள் என்று முதலில் சொல்லப்பட்டுப் பின்னர் 3 கோடி என்று திருத்தப்பட்டது. அன்று ஃபேஸ்புக் எடுத்த முதல் நடவடிக்கை, முன்னெச்சரிக்கையாக ஏறத்தாழ 9 கோடிப் பேரின் டோக்கன்களைச் செல்லாததாக்கி, எல்லோரையும் வெளியேற்றி, மறுபடி லாகின் செய்யச் சொன்னது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, ஏனெனில் திருடு போனது கடவுச்சொல் அன்று. என் தங்கை அந்த ஞாயிற்றுக்கிழமை செய்திருக்க வேண்டியதும் இதுவே என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்தச் சம்பவத்துக்காக 2024 டிசம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 25.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

யூடியூப் சேனல் நடத்துபவர்களைக் குறிவைத்து, விளம்பர வாய்ப்பு என்ற பெயரில் கோப்பை அனுப்பி, திறந்ததும் குக்கிகளைத் திருடும் கும்பல்களைப் பற்றி 2021 அக்டோபரில் கூகுள் விரிவாக எழுதியது. அப்படித் திருடிய சேனல்கள் 3 டாலரிலிருந்து 4,000 டாலர் வரை விலைபோயின. தொழில்நுட்பம் பற்றியே பேசும் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனல்கூட 2023 மார்ச்சில் இதே வழியில்தான் கைவிட்டுப் போய், கிரிப்டோ மோசடி ஒளிபரப்புக்குப் பயன்படுத்தப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டது. கோடிக்கணக்கில் பார்வையாளர்களைக் கொண்ட, கணினியைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே இது நேர்ந்தது என்று நான் சொன்ன பிறகுதான் என் தங்கையின் கணவர் அவளைக் குறைசொல்வதை நிறுத்தினார். 2023 ஏப்ரலில் 17 நாடுகளின் காவல் அமைப்புகள் சேர்ந்து ஜெனிசிஸ் மார்க்கெட் என்ற கள்ளச் சந்தையை மூடின. அங்கே விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தவை, 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து எடுத்த குக்கிகளும் உள்நுழைவு விவரங்களும். அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே குக்கி என்ற சொல் இருந்தது.

அப்படியானால் தானியங்கிப் பதிவே வேண்டாமா என்றால், வேண்டும் என்பதே என் விடை. அதற்கு முறையான வாசல் இருக்கிறது. நம் கடவுச்சொல்லையோ முழு அமர்வையோ மூன்றாம் மனிதருக்குத் தராமல், இந்த நிரல் பதிவிட மட்டும் அனுமதி என்று எல்லை வகுத்துத் தரும் முறைக்கு ஓஆத் என்று பெயர். ட்விட்டர் 2010 ஆகஸ்டிலேயே, கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளும் வெளிநிரல்களை நிறுத்திவிட்டு இந்த முறைக்கு மாறியது. இதில் கொடுக்கும் அனுமதியால் நிரல் கடவுச்சொல்லை மாற்ற முடியாது. அனுமதி வேண்டாம் என்று தோன்றும் நாளில் அந்த ஒரு நிரலை மட்டும் நீக்கிவிடலாம். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராம் தொழில்முறைக் கணக்குக்கும் நாளும் நேரமும் குறித்துப் பதிவுகளை முன்கூட்டியே ஏற்றிவைக்க மெட்டா பிசினஸ் சூட் என்ற கருவி கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பக்கத்தைக் கவனிக்க வேறொருவரை அமர்த்தினால், அவர் தம்முடைய கணக்கிலிருந்தே வேலை செய்யும்படி, குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். நம் ஊர்க் கடைக்காரர்கள் பலருக்கு இவை இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களும் சொல்வதில்லை.

ஆனால் தளங்களின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. முறையான வாசலை அவர்களே குறுக்கிக்கொண்டு வருகிறார்கள். நிரல்களுக்கான ஏபிஐ என்ற வாசலை ட்விட்டர் 2023-இல் பெரும்பாலும் கட்டணத்துக்கு உரியதாக்கியது. இன்ஸ்டாகிராமில் அந்த வாசல் வழியாகப் பதிவிடுவது தொழில்முறைக் கணக்குகளுக்கு மட்டுமே. அனுமதி வாங்குவதற்கான படிவங்களும் சரிபார்ப்புகளும் ஆங்கிலத்தில், பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு சேலைக் கடைக்காரி அதைக் கடந்து வருவது எளிதன்று. வாசல் இப்படி இருந்தால் மக்கள் சுவரேறித்தான் குதிப்பார்கள், குதிக்கும்போது கையில் பிடித்துக்கொள்ளக் கிடைப்பதுதான் இந்த அமர்வுக் கோப்பு. அனுமதியின்றித் தானியங்கி முறையில் கணக்கை இயக்குவது தங்கள் விதிகளுக்குப் புறம்பானது என்று தளங்கள் எழுதி வைத்திருக்கின்றன. அப்படிச் செய்தால் கணக்கு முடக்கப்படலாம். அந்த விதி சரியே. அதோடு, சிறு வியாபாரிக்குத் தமிழில் விளங்கும்படி ஒரு நேர்வழியையும் அமைத்துத் தந்துவிட்டு அதைச் சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

அரசு செய்வதையும் பார்க்கிறேன். தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று வாட்ஸ்அப், டெலிகிராம், நம் ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' உள்ளிட்ட செயலிகளுக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. கைப்பேசியில் அந்த சிம் இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும் என்பதோடு, கணினி உலாவியில் திறந்திருக்கும் அமர்வு 6 மணி நேரத்துக்கு மேல் போகாமல் வெளியேற்றப்பட்டு, மறுபடி கியூஆர் குறியீட்டைக் காட்டித்தான் இணைக்கப்பட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அமர்வின் ஆயுளைக் குறைத்தால் திருடிய டோக்கனின் பயனும் குறையும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் திருடனுக்கு 6 மணி நேரம் என்பதே மிக அதிகம். என் தங்கையின் அட்டையிலிருந்து பணம் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுபக்கம், நாள் முழுவதும் கணினியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் கடைக்காரர்களுக்கு அது தினமும் இரண்டு மூன்று முறை தொந்தரவு. கடிகாரத்தை வைத்து எல்லோரையும் வெளியேற்றுவதைவிட, டோக்கனை அது பிறந்த கருவியோடு பிணைத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. கூகுள் 2024 ஏப்ரலில் அறிவித்த ஏற்பாடு அத்தகையது: கணினியின் பாதுகாப்புச் சில்லுக்குள் பூட்டிய ஒரு மறைச்சாவி இல்லாமல் அந்தச் சரம் வேறெங்கும் செல்லாது. செருப்பு டோக்கனோடு ஆளின் முகத்தையும் பார்ப்பது போல. அது எல்லாத் தளங்களுக்கும் வந்துசேரும்வரை நாம்தான் காவல் இருக்க வேண்டும்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, ஒருவருடைய மின்னணுக் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ வேறு எந்தத் தனித்த அடையாள அம்சத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவதை 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக்குகிறது. அமர்வு டோக்கன் அந்தத் தனித்த அடையாள அம்சத்துக்குள் அடங்கும் என்றே நான் படிக்கிறேன். ஆகவே புகார் வாங்கும் அதிகாரிகள், ஓடிபி சொன்னீர்களா என்ற கேள்வியோடு, உங்கள் கணக்கு வேறு யாருடைய கணினியிலாவது திறக்கப்பட்டிருந்ததா என்றும் கேட்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை அன்று யாராவது கேட்டிருந்தால், திங்கட்கிழமையே அந்தப் பக்கத்தைக் காப்பாற்றியிருக்கலாம். பணம் போனவர்கள் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணில் அழைக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். என் தங்கை பாதி நாளைப் பதற்றத்தில் கழித்துவிட்டுத்தான் அழைத்தாள்.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே நிரல் எழுதத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்கு, ஒரு தமக்கையாக நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். பயிற்சிக்கென்று உங்கள் பெயரிலேயே ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, அதில் பழகுங்கள். அடுத்தவர் பிழைப்பு நடக்கும் கணக்கில் பழகாதீர்கள். பிறருக்காகச் செய்வதானால் அவர்களுடைய கணினியிலேயே செய்யுங்கள், கோப்பு அங்கேயே இருக்கட்டும். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், பென்டிரைவில் எடுத்துப் போவதும், கிட்ஹப் என்ற நிரல் களஞ்சியத்தில் ஏற்றுவதும் பீரோ சாவியைப் பேருந்தில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். வேலையை விட்டு விலகும் நாளில், கணக்குக்கு உரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். கோப்பை அழிப்பது அதற்குப் பிறகு. கிராக் மென்பொருளை இந்த வேலை நடக்கும் கணினியில் ஒருபோதும் வைக்காதீர்கள். கணக்குக்கு உரியவர்களோ, எங்கெல்லாம் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அது கடவுச்சொல்லும் பாதுகாப்பும் என்ற பகுதியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று இருக்கும். கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் என்ற பெயரில் கிடைக்கும். தெரியாத கருவி ஒன்று தென்பட்டால், முதலில் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிட்டு, பிறகு கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். சேமித்து வைத்த அட்டை இருந்தால் அதையும் நீக்கிவிட வேண்டும்.

என் தங்கை இப்போது புதிய பக்கம் தொடங்கி நடத்துகிறாள். பழைய பக்கத்தைத் திரும்பப் பெறுவதற்காக அவள் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு இன்றுவரை முறையான விடை வரவில்லை. அந்தத் தம்பியின்மேல் அவளுக்குக் கோபம் இல்லை, எனக்கும் இல்லை. அவன்தான் இப்போது முறையான அனுமதி வழியில் பதிவுகளை ஏற்றிவைக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு இடம் ஒதுக்கி, சேமித்த அமர்வை முடிப்பது எப்படி, அதைப் பிறரிடம் கொடுக்காமலேயே வேலையை நடத்துவது எப்படி என்று அடுத்த பகுதியை வெளியிட வேண்டுகிறேன். எழுத ஆள் தேவைப்பட்டால், படங்களோடு எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மென்பொருள் சோதனையாளர்,
கோயம்புத்தூர்.